காற்றை அளந்த பிறகே காற்றாலை



நம் உறுப்பினர்களில் பலருக்குக் கடை நகரத்தில் இருந்தாலும், பாட்டன் வழி வந்த புஞ்சை கிராமத்தில் கிடக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் ஆட்கள் வந்து, "பெரிய காற்றாலை நிறுத்தலாம். நீங்களே முதல் போடுகிறீர்களா, நிலத்தை மட்டும் குத்தகைக்குத் தருகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். பழைய சிறு காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையைத் தமிழக அரசு 2024-ல் வெளியிட்டிருப்பதால் இந்தப் பேச்சு இன்னும் கூடும். கையெழுத்துப் போடுமுன் கவனிக்க வேண்டியவற்றை, நான் பட்ட பாட்டிலிருந்து எழுதுகிறேன்.

1995-ல் காற்றாலையின் முழு விலையையும் முதல் ஆண்டே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரியில் இடம் இருந்தது. ஆனால் அந்த ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாக ஓடினால் பாதிதான் கழிக்கலாம். நானும் இன்னும் மூவரும் கூட்டாகக் கடன் வாங்கி, கயத்தாறு பக்கம் 250 கிலோவாட் ஆலை ஒன்றை நிறுத்தினோம். செப்டம்பர் முடிவதற்குள் ஓடவிட வேண்டும் என்பதே எங்கள் கவலை. காற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆலை ஓடத் தொடங்கியபோது காற்றுக் காலம் முடிந்துவிட்டது. எங்களுக்கு மேற்கே இரண்டு வரிசை ஆலைகள் முன்பே நின்றன. தரகர் காகிதத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் யூனிட் என்று எழுதியிருந்தார். எங்கள் நல்ல ஆண்டில்கூட 2,70,000-ஐத் தாண்டவில்லை.

தவணையோ மாதம் தவறாமல் வந்தது. கூட்டாளிகளில் ஒருவர் மளிகைக் கடைக்காரர். கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்தைத் தவணைக்குக் கொடுத்தார். தீபாவளி நேரத்தில் அவர் கடையில் சரக்கு இல்லை. வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போயிற்று. இரண்டே ஆண்டில் கடையை மூடினார். அவரைக் கூட்டில் சேர்த்தவன் நான். அதனால்தான் இந்தப் பாடம்.

1. காற்றே முதல் சரக்கு

காற்றின் வேகம் சிறிது கூடினாலும் அதிலுள்ள சக்தி வெகுவாகக் கூடும். வேகத்தை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். வினாடிக்கு 5 மீட்டர் என்றால் 125. 6 மீட்டர் என்றால் 216. வேகம் 20 சதவீதம் கூடினால் சக்தி 73 சதவீதம் கூடுகிறது. வேகம் குறைந்தால் நஷ்டமும் அதே கணக்குத்தான். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியாக வரும் காற்றினால்தான் முப்பந்தலும் கயத்தாறும் உடுமலையும் காற்றாலை ஊர்களாயின. ஆனால் ஊரில் காற்று இருப்பது வேறு, உங்கள் வயலில் இருப்பது வேறு. சென்னையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் காற்று வரைபடங்கள் வெளியிட்டுள்ளது. அதைப் பார்த்துவிட்டு, உங்கள் நிலத்திலோ மிக அருகிலோ, ஆலை நிற்கப் போகும் உயரத்தில் குறைந்தது ஓராண்டு அளந்த கணக்கைக் கேளுங்கள்.

2. முன்னால் நிற்பது யார்?

ஓர் ஆலையின் பின்னால் வரும் காற்று மெலிந்தும் குழம்பியும் வரும். ஆகவே காற்று வரும் திசையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல் 7 மடங்கும், குறுக்கே 5 மடங்கும் இடைவெளி விடுவது வழக்கம். 120 மீட்டர் விட்டமுள்ள ஆலைக்கு இது 840 மீட்டர், 600 மீட்டர் ஆகிறது. இதன் பரப்பு ஏறக்குறைய 125 ஏக்கர். இவ்வளவும் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மேற்கே பக்கத்து நிலக்காரர் என்ன செய்யப் போகிறார் என்பது உங்கள் இலாபத்தையும் தீர்மானிக்கும்.

3. பெயர்ப்பலகையும் கல்லாவும்

2,000 கிலோவாட் என்பது ஆலையின் பெயர்ப்பலகை மட்டுமே. ஆண்டின் 8,760 மணியும் முழுத் திறனில் ஓடினால் 1,75,20,000 யூனிட் வரும். அப்படி எந்த ஆலையும் ஓடாது. வினாடிக்கு 3 அல்லது 4 மீட்டர் காற்று வந்தால்தான் உற்பத்தி தொடங்கும். 25 மீட்டர் அளவுக்குப் போனால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். முழுத் திறனில் 25 சதவீதம் கிடைத்தால் 43,80,000 யூனிட். 18 சதவீதம் என்றால் 31,53,600 யூனிட். இந்த வித்தியாசத்தில்தான் கடன் அடைவதும் அடையாததும் இருக்கிறது.

4. பருவ வியாபாரம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் பக்கம் ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை வந்துவிடும். மற்ற மாதங்களில் வரவு குறைவு, வட்டி குறையாது. காற்று மிகுந்த நாட்களில் மின்தடம் தாங்காமல் ஆலையை நிறுத்த வேண்டி வருவதும் உண்டு. எனவே தவணையைக் காற்றுக் காலத்தையொட்டி அமைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத் தவணைக்கான கையிருப்பு தனியே இருக்க வேண்டும். கடைப் பணத்தில் கை வைக்கவே கூடாது.

5. வரிச் சலுகை வருமானம் ஆகாது

தேய்மானம் வரியைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. முதல் ஆண்டிலேயே முழுவதையும் கழித்துவிட்டால், பின்னால் வரும் மின்சார வருமானத்தில் கழிக்கத் தேய்மானம் இருக்காது. சலுகையும் நிலையில்லாதது. 1996-ல் கம்பெனிகளுக்குக் குறைந்தபட்ச மாற்று வரி வந்த பின் புதிய ஆலைகள் வெகுவாகக் குறைந்தன. 100 சதவீதத் தேய்மானம் பிற்பாடு 80 ஆயிற்று. 2012-ல் 15 ஆகி, 2014-ல் மீண்டும் 80 ஆகி, 2017 ஏப்ரல் முதல் 40 ஆகக் குறைந்தது. வரிச் சலுகையே இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் கட்டுபடியானால் இறங்கலாம்.

6. நிலத்தைக் கொடுப்பவர்களுக்கு

முதல் போடாமல் குத்தகைக்கு மட்டும் கொடுப்பவர்கள் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். பட்டாவில் உள்ள பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் நிலத்தை அவர்கள் கடனுக்கு ஈடு வைக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். நீண்ட இறக்கைகளையும் பெரிய கிரேனையும் கொண்டுவர அகலப் பாதை தேவைப்படும். அது எந்த சர்வே எண் வழியாகப் போகிறது, ஓடையும் கண்மாய்க் கரையும் சேதப்படாதா என்று பாருங்கள். முக்கியமாக, 20, 25 ஆண்டுகள் கழித்து ஆலையையும் அடித்தளக் கான்கிரீட்டையும் யார் செலவில் அகற்றுவது என்பதைப் பத்திரத்தில் சேருங்கள். இதை எழுதாவிட்டால் அந்தச் செலவு நம் பிள்ளைகள் தலையில் விழலாம்.

காற்றாலை கெட்ட தொழில் அல்ல. சரியான இடத்தில் நின்ற ஆலைகள் கடனை அடைத்து, உரிமையாளருக்குப் பல ஆண்டுகள் வருமானம் தந்துள்ளன. நாம் ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கினாலும் மாதிரி பார்க்கிறோம், எடை போடுகிறோம், ஈரம் பார்க்கிறோம். கோடிக்கணக்கில் போடும்போது காற்றை மட்டும் பிறர் சொல்லை நம்பி வாங்கலாமா? மோசமான ஆண்டின் யூனிட்டை எடுத்து, பராமரிப்பும் காப்பீடும் கழித்து, மீதியில் தவணை அடைகிறதா என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அடையவில்லை என்றால், வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.