மூன்றாவது கம்பி

சிரஞ்சீவி தம்பிக்கு,

மின்கம்பியாள் உதவியாளர் தேர்வில் நீ தேறிய செய்தியையும், திருவொற்றியூரில் ஒரு கான்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த செய்தியையும் உன் தாயார் சொல்லக் கேட்டுப் பரம சந்தோஷம் அடைந்தேன். பேனல் போர்டையும் ஸ்டார்ட்டரையும் மோட்டாரையும் உனக்குக் கற்றுத் தர மேஸ்திரிகள் இருக்கிறார்கள்; ஆகையால், இராயபுரத்திலும் எண்ணூரிலும் நாற்பது வருஷம் ஒயர் இழுத்தவன் என்ற உரிமையில், அவர்களில் அநேகர் பேசத் தகுந்த விஷயமாகவே கருதாத ஒரு சாமான்ய வஸ்துவைப் பற்றி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றி, உனக்கு எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியைக் கண்டதும் ஜனங்களைக் கடிந்துகொள்ளாதே. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்படும் வரையில் ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் குடியிருந்தவர்களுடைய எத்தனையோ வீடுகளிலோ, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு பிளக் பாயிண்ட் என்பதற்குமேல் யாரும் யோசித்து ஒயரிங் செய்ததில்லை. பிறகு மிக்ஸியும் டிவியும் ஃபிரிட்ஜும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, சுவரை உடைத்துப் புதிய பாயிண்ட் வைக்க வாடகைக்கு இருப்பவனுக்கு அதிகாரமும் இல்லை, கையில் பணமும் இல்லை. நிர்ப்பந்தத்தால் வந்த பெட்டி அது. அதைப் பத்திரமானதாக்கித் தருவதே நம் வேலை.

சில வருஷங்களுக்கு முன் காசிமேட்டில், படகுகளைப் பழுது பார்க்கும் ஓரிடத்தில், பழைய பெஞ்ச் கிரைண்டரைத் தொட்டால் கை சுர்ரென்று இழுப்பதாக ஒரு தொழிலாளி சொன்னார். செருப்புப் போட்டுக்கொண்டால் அவ்வளவாகத் தெரிவதில்லை என்று சமாதானமும் தாமே சொல்லிக்கொண்டார். ஐஸ் உருகிய தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து எந்நேரமும் ஈரமாகவே இருக்கும் அந்தத் தரையில், கிரைண்டரைச் செருகியிருந்த ஒரு மரப்பெட்டி கிடந்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துருப்பிடித்த நான்கு திருகுகளையும் சிரமப்பட்டுக் கழற்றி மூடியைத் திறந்து பார்த்தேன். ஃபேஸும் நியூட்ரலும் ஒழுங்காக முறுக்கி இறுக்கப்பட்டிருந்தன. பச்சைக் கம்பியோ பாதியில் வெட்டப்பட்டு, மடிக்கப்பட்டு, அதன்மேல் கறுப்பு டேப் நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது. எர்த் டெர்மினலின் திருகில் திருப்புளி பட்ட தடமே இல்லை.

தம்பி, அந்த டேப்பின் நேர்த்திதான் என் மனத்தை இன்றும் வருத்துகிறது. அறியாதவன் செய்த வேலையாக அது இருந்திருந்தால் மன்னித்துவிடலாம். கைப்பழக்கம் உள்ள ஒருவன், இரண்டு கம்பியிலேயே மெஷின் ஓடுகிறது, மூன்றாவது எதற்கு என்று தீர்மானித்துச் செய்த வேலை அது. எர்த் இருந்தாலும் விளக்கு எரியும், இல்லாவிட்டாலும் எரியும். பணம் கொடுக்கிறவர் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. மெஷினுக்குள் இன்சுலேஷன் கெட்டு அதன் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறுகிற அந்த ஒரு நாளில்தான், மூன்றாவது கம்பி அதை மண்ணுக்கு இழுத்துச் சென்று, ஃபியூஸைப் போக வைத்து, எம்சிபியை விழ வைக்கிறது. அது இல்லாத இடத்தில், மண்ணுக்குப் போக வேறு வழி காணாத கரண்ட், ஈரத்தரையில் நிற்கும் மனிதன் வழியாகப் போகிறது.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் பருமனாகவும் இருப்பதைப் பார்த்திருப்பாய்: செருகும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் தொட்டு, பிடுங்கும்போது எல்லாவற்றுக்கும் கடைசியாக விடவேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. அதே நியாயத்தை நீயும் பின்பற்று: பிளக்கைப் பூட்டும்போது உள்ளே பச்சைக் கம்பியை மற்றவற்றைவிடச் சற்று நீளமாக விட்டு வை, யாராவது ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டால் கடைசியாக அறுவது அதுவாக இருக்கட்டும்.

நம் கடற்கரைக்கு இன்னொரு விசேஷமான அபாயம் உண்டு. உப்புக்காற்று செம்பைப் பச்சையாகப் பூக்கச் செய்து, திருகைத் தளர்த்திவிடும். தளர்ந்த இணைப்பு சூடாகும். சூட்டினால் மேலும் தளரும். ஒருநாள் பிளாஸ்டிக் கருகிய வாடை வீசும். ஆகவே உள்நாட்டில் எப்படியோ, இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்த்து, திருகுகளை இறுக்குவதை வழக்கமாக வைத்துக்கொள். செருகிய பிளக் சுடுகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கக் குடித்தனக்காரர்களுக்கும் சொல்லிக் கொடு.

பெட்டி எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு எளியது. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1,380 வாட்தான். 1,500 வாட் வாட்டர் ஹீட்டரை அதில் மாட்டினாலே வரம்பு மீறிவிடுகிறது. சாக்கெட் நான்கு இருப்பதால் நான்கு மடங்கு தாங்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். நான்குக்கும் ஒயர் ஒன்றே. 16 ஆம்பியர் பெட்டிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடு. ஏசிக்கும் வெல்டிங் செட்டுக்கும் பெட்டியே வேண்டாம். டிரம்மில் சுற்றிய ஒயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்து. சுருளுக்குள் சூடு அடைபட்டுக் கிடக்கும். பிளக் இல்லாத வெறும் கம்பியைத் தீக்குச்சி வைத்துச் செருகுகிறவனிடம் தாட்சண்யம் பாராதே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நம் பக்கத்துத் தெருக்களில் புகுந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் கலந்து மிதந்த அந்த நாட்களுக்குப் பிறகு, தண்ணீரில் ஊறிய பெட்டிகளைச் சிலர் மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்ததைக் கண்டேன். ஈரம் போகும், உப்பும் சேறும் போகாது. அப்படிப்பட்ட பெட்டியைத் தூக்கி எறியச் சொல். புதிது வாங்க முடியாதவருக்கு உன் கூலியைக் குறைத்துக்கொண்டாவது ஐஎஸ்ஐ முத்திரையும் அதன்மேல் ஐஎஸ் 1293 என்ற எண்ணும் உள்ள சாக்கெட்டை வைத்துப் பூட்டிக் கொடு. இனி பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் உயரமாக மாட்டச் சொல். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும். மனிதனைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்டது ஆர்சிசிபி. போன கரண்டுக்கும் திரும்பிய கரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டதுமே இணைப்பைத் துண்டித்துவிடும் அதை, மெயினில் வைக்கும்படி ஒவ்வொரு வீட்டிலும் வற்புறுத்து. எர்த் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பார்கள். ஈரக்கையை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இராயபுரத்துக்கு வா. வேலைக்கு எடுத்துப் போகிற உன் சொந்தப் பெட்டியையும் மறக்காமல் கொண்டு வா. முதலில் அதைத் திறந்து, பச்சைக் கம்பி எங்கே பூட்டியிருக்கிறது என்று இருவரும் பார்ப்போம்.