உழவர் நிறுவனத்தில் பெண் இயக்குநர்

இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு கறவை மாடும் உள்ள குடும்பம் விளைபொருளைத் தனியாகச் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி சொல்வதே விலை, அவர் தராசு காட்டுவதே எடை. இந்நிலையை மாற்றும் நோக்குடன்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று 2002-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டதால் இவற்றுக்கு வழி பிறந்தது. கூட்டுறவுச் சங்கத்தைப் போல உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றே. நிர்வாகம் மட்டும் கம்பெனி முறையில் நடைபெறும்.

இந்நிறுவனங்களை நடத்தும் பொறுப்பு இயக்குநர் குழுவினுடையது. குழுவில் 5 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மிகாமலும் இருக்கலாம். இக்குழுவில் பெண்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள், எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் பங்குதாரர்களான விவசாயிகள் சற்று ஊன்றிக் கவனிப்பது நல்லது. நிறுவனம் நிலைப்பதும் நொடிப்பதும் பெரும்பாலும் இந்தக் குழுவைப் பொறுத்தே அமைகின்றன.

மானியத்துக்காக ஒரு பெயர்

சிறு விவசாயிகள் வேளாண் வணிகக் கூட்டமைப்பு வகுத்த பங்கு மூலதன மானிய விதிகளில், இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்ட விதி இது. ஆனால் பல இடங்களில் இது நிறைவேற்றப்படும் விதம் வேறு. தலைவரின் மனைவி பெயரோ, முன்னோடி விவசாயி ஒருவரின் மருமகள் பெயரோ எழுதப்படுகிறது. ஆதார் நகலும் புகைப்படமும் வாங்கப்படுகின்றன. அதன் பிறகு தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும். அடுப்படியில் இருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்திடுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை.

பெரிய கம்பெனிகளிலும் இதே கதை நடந்ததுண்டு. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் அனைத்திலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதித்தது. பல கம்பெனிகள் முதலாளி வீட்டுப் பெண்களையே நியமித்து விதியை நிறைவு செய்தன. எனவே பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம், முதலாளி குடும்பத்தைச் சாராத, தனித்தியங்கும் பெண் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்று முதல் 500 பெரிய கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 கம்பெனிகளுக்கு 2020 ஏப்ரல் முதலும் கட்டாயமாக்கியது. உழவர் நிறுவனங்களுக்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை. பங்குதாரர்கள்தான் காவல்.

கையெழுத்தின் பொறுப்பு

பெயரளவில் இயக்குநராக இருப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சட்டத்துக்கோ நிறுவனத்தின் விதிமுறைகளுக்கோ மாறாகச் செய்யப்பட்ட ஒரு காரியத்துக்கு இயக்குநர்கள் வாக்களித்திருந்தால் அல்லது வேறு வகையில் ஒப்புதல் தந்திருந்தால், அதனால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட நட்டத்தை அவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் ஈடு செய்ய வேண்டும் எனக் கம்பெனிச் சட்டம் கூறுகிறது. "தனித்தனியாகவும்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மற்றவர்களிடம் வசூலிக்க முடியாவிட்டால் முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்க இயலும். படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது எளிதில் எடுபடும் பதிலன்று. நிறுவனம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்யாமல் விட்டால், அதன் இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்கு எந்த நிறுவனத்திலும் இயக்குநராக நியமிக்கப்படத் தகுதி இழப்பார்கள்.

இப்போது பேனாக் கையெழுத்துடன் மின்னணுக் கையெழுத்தும் சேர்ந்திருக்கிறது. அதற்குரிய சிறு கருவியைத் தணிக்கையாளர் அலுவலகத்திலோ முதன்மைச் செயல் அலுவலரிடமோ கொடுத்துவிட்டு, கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்டபோதெல்லாம் சொல்லி வருவது பரவலான பழக்கம். வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. கருவி இயக்குநரிடமே இருக்க வேண்டும்.

இயக்குநர் குழுக் கூட்டத்துக்குப் பதிலாள் அனுப்ப முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மனைவிக்குப் பதிலாகக் கணவர் வந்து உட்கார்ந்தால் அது வருகை ஆகாது. ஐந்து பேர் கொண்ட குழுவில் மூவர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கணவர் ஒருவரைச் சேர்த்து மூவர் என்று கணக்குக் காட்டிய கூட்டத்தின் தீர்மானம் எப்போது வேண்டுமானாலும் கேள்விக்குள்ளாகலாம்.

பட்டா இல்லாதவர் விவசாயி இல்லையா?

பெண் உறுப்பினர்கள் குறைவாக இருக்கும்போது நல்ல பெண் இயக்குநர் கிடைப்பது அரிது. பங்கு சேர்க்கும்போது பட்டா, சிட்டா கேட்கிறார்கள்; அவை பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கின்றன. 2015-16-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் சாகுபடிப் பண்ணைகளில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 சதவீதமே. நாற்று நடவும் களையெடுப்பும் கறவையும் யார் கையில் உள்ளன என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கின் விந்தை புரியும்.

சட்டமோ பட்டா கேட்கவில்லை. வேளாண்மை, கால்நடை வளர்ப்பு, தோட்டக்கலை முதலிய முதன்மை விளைபொருள் தொடர்பான எந்தத் தொழிலில் ஈடுபட்டவரும் உற்பத்தியாளரே என்கிறது அது. குத்தகைக்குப் பயிரிடுபவரும், இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுபவரும், ஆடு வளர்ப்பவரும் இதில் அடங்குவர். நிறுவனத்தின் சொந்த விதிமுறைகளில் பட்டா கட்டாயம் என்று எழுதப்பட்டிருந்தால் பொதுக்குழுவில் அதைத் திருத்திக்கொள்ளலாம்.

திருப்பதியில் 2014-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தை இங்கே குறிப்பிடலாம். தேசிய பால்வள வாரியத்தைச் சேர்ந்த சேவை நிறுவனத்தின் உதவியுடன் உருவான இதில் உறுப்பினர்கள் அனைவரும் பெண்களே. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இங்கு உறுப்பினராவதற்கு அடிப்படை நிலம் அன்று, பால். ஊற்றிய பாலுக்குரிய பணம் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. உறுப்பினர்களுள் இருந்தே பெண்கள் இயக்குநர்களாக வருகிறார்கள்.

கூட்டத்தில் ஒரு கணக்கு

இயக்குநருக்குப் பெரிய படிப்பு தேவை என்ற அச்சம் பலருக்கு உண்டு. தேவைப்படுவது சரியான இடத்தில் சரியான கேள்வி. எடுத்துக்காட்டாக ஒரு மக்காச்சோள வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்களிடம் கிலோ 22 ரூபாய் வீதம் 20 டன் வாங்கி, நாமக்கல் பகுதியில் உள்ள கோழித் தீவன ஆலைக்குக் கிலோ 24 ரூபாய்க்குத் தரலாம் என்று குழுவின் முன் யோசனை வைக்கப்படுகிறது. கிலோவுக்கு 2 ரூபாய், ஆக 40,000 ரூபாய் லாபம் என்று சொல்லப்படுகிறது. எல்லோரும் தலையசைக்கிறார்கள்.

களத்தில் சோளம் காயவைத்துப் பழகிய பெண் ஒருவர் அங்கே இருந்தால் முதலில் கேட்பது, "வாங்கும்போது ஈரம் எவ்வளவு, ஆலையில் இறக்கும்போது எவ்வளவு?" என்பதாகத்தான் இருக்கும். ஈரப்பதம் 14 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தாலே குவிண்டாலுக்கு 2 கிலோவுக்கு மேல் எடை குறையும். 2 கிலோ என்றே வைத்துக்கொண்டால் 20,000 கிலோவில் 400 கிலோ போய்விடும். மீதி 19,600 கிலோவுக்கு 24 ரூபாய் வீதம் கிடைப்பது 4,70,400 ரூபாய். வாங்கிய விலை 4,40,000 போக மிச்சம் 30,400. சாக்கு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 1 ரூபாய் 20 காசு என்றால் 24,000 ரூபாய். மீதி 6,400 ரூபாய்.

அடுத்த கேள்வி, "ஆலை எத்தனை நாளில் பணம் தரும்?" என்பது. இரண்டு மாதம் என்றால், முடங்கும் 4,64,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக் கணக்கில் 9,280 ரூபாய் வட்டி. ஆக, 40,000 ரூபாய் லாபம் என்று எழுதப்பட்ட வியாபாரத்தில் உண்மையில் 2,880 ரூபாய் நட்டம். இரண்டே கேள்விகளில் இது வெளிப்பட்டுவிடுகிறது. வியாபாரத்தைக் கைவிட வேண்டும் என்பதில்லை. காய்ந்த சோளத்துக்குத் தனி விலை கேட்கலாம், பதினைந்து நாளில் பணம் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். கையெழுத்திடும் முன்பு கணக்குப் போட வேண்டும் என்பதே செய்தி.

ஒவ்வொரு கூட்டத்திலும் வங்கிக் கணக்குப் புத்தகம், இருப்புப் பதிவேடு, கடன் நிலுவைப் பட்டியல் ஆகிய மூன்றையும் மேசையில் வைக்கும்படி கேட்பது இயக்குநரின் உரிமை. உரமும் விதையும் கடனுக்குக் கொடுத்த பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். இயக்குநருக்கோ அவருடைய உறவினருக்கோ கடன் அல்லது முன்பணம் தர இயக்குநர் குழுவுக்கு அதிகாரமில்லை. பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை. பல நிறுவனங்களில் பணம் முடங்கியிருப்பது இந்த இடத்தில்தான். தீர்மானத்தில் உடன்பாடில்லை என்றால் வாய்மொழியாகச் சொன்னது போதாது. மறுப்பு நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே கையெழுத்திட வேண்டும்.

எதற்காக நிறுவனம் என்ற கேள்வி

யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து என்ன வாங்கப்படுகிறது என்பதும் மாறும். மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் ஆகிய மாவட்டங்களில் 265 கிராமப் பஞ்சாயத்துகளை ஆராய்ந்து ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ ஆகிய இருவரும் 2004-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துகளில் குடிநீர் வசதிக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டிருந்தது. தண்ணீர் சுமப்பவர் யார் என்று தெரிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

உழவர் நிறுவனத்திலும் இப்படித்தான். குழு முழுவதும் ஆண்களாக இருக்கும் இடத்தில் முதலில் வாங்கப்படுவது பவர் டில்லரும் ரோட்டவேட்டரும். அவை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நிலக்கடலை உடைக்கும் கருவி, தீவனத் தட்டை வெட்டும் கருவி, நெல் வயலுக்கான உருளும் களையெடுப்பான் ஆகியவை எத்தனை நிறுவனங்களின் கிடங்கில் உள்ளன? நாள் முழுதும் குனிந்து செய்யும் வேலை யாருடையதோ அவர் குழுவில் இருந்தால் இந்தப் பேச்சு எழும். விற்பனையிலும் அப்படியே, ஐம்பது மூட்டை கொண்டுவருபவருக்கும் மூன்று மூட்டை கொண்டுவருபவருக்கும் ஒரே தராசு, ஒரே விலை, அன்றே பணம் என்ற கொள்கையைச் சிறு உறுப்பினர்களே வற்புறுத்த முடியும்.

ஒரே பெண் இருக்கும் குழுவில் அவர் பேச்சு பெரும்பாலும் எடுபடுவதில்லை. அவரும் சில கூட்டங்களுக்குப் பின் பேசுவதை நிறுத்திவிடுவார். பத்துப் பேர் குழுவில் மூன்று பெண்களாவது இருந்தால் நிலைமை வேறு. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கணக்கு எழுதி, வங்கிக்குப் போய்வந்து பழகிய பெண்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். தேட வேண்டிய இடம் அதுதான்.

கூட்டம் நடத்தும் முறையும் மாற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்டம் நடைபெற வேண்டும். ஏழு நாட்களுக்கு முன்பு எழுத்து மூலம் அறிவிப்பு தர வேண்டும். மாலைக் கறவை நேரத்திலும் இரவு எட்டு மணிக்கு மேலும் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று குறைகூறுவது சரியன்று. காலைப் பால் ஊற்றி முடிந்த பிறகு, பள்ளிக்கூடம் அல்லது ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடத்தில் நடத்தலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு ஈடு வேண்டும். கூட்டத்துக்கு வரும் இயக்குநர்களுக்குப் படித்தொகை நிர்ணயிக்கப் பொதுக்குழுவுக்கு அதிகாரமுண்டு. கூசாமல் நிர்ணயிக்கலாம்.

நிதியாண்டு மார்ச் மாதத்துடன் முடிவதால் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் செப்டம்பர் மாதத்துக்குள் கூட்டப்படுகின்றன. பதினான்கு நாட்களுக்கு முன்பு அறிவிப்பு வர வேண்டும். அத்துடன் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கும், இயக்குநர் பதவிக்கு நிற்பவர்களின் பெயர், தகுதி விவரங்களும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பங்கு பெண்ணின் பெயரில் இருந்தால் அறிவிப்பும் அவர் பெயருக்கே வர வேண்டும். வராவிட்டால் நிறுவன அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ளலாம். விதிமுறைகள் பற்றிய ஐயங்களுக்கு மாவட்டத்திலுள்ள வேளாண்மைத் துணை இயக்குநர் (வேளாண் வணிகம்) அலுவலகத்தை அணுகலாம்.