மாவுக்கட்டுக் கையும் பச்சைக் கோலமும்

வண்டியிலிருந்து விழுந்து வலக்கையில் மாவுக்கட்டுடன் தேவதானத்தில் இருக்கும், பச்சை குத்தும் அன்புத் தம்பிக்கு,

பச்சை குத்துதல் தோலின் மேல் நிறம் பூசும் வேலை அன்று; மேல்தோலைக் கடந்து, இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் பரவியுள்ள உள்தோலில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் மையை நிறுத்தும் பணியாகும். ஊசி அந்த ஆழத்தை எட்டாவிட்டால் மை சில வாரங்களில் உதிர்ந்துவிடும். மிஞ்சினால் கோடு பரவி மங்குவதோடு தழும்பும் நிலைத்துவிடும். ஊசியின் நீட்சியைக் கருவியில் திருகி வைக்க முடியும் என்றாலும், தோலின் தடிமன் முன்கைக்கும் கழுத்துக்கும் விலாவுக்கும் வேறுபடுவதால், இறுதியில் ஆழத்தைத் தீர்மானிப்பது கலைஞரின் மணிக்கட்டு உணரும் எதிர்ப்பே ஆகும். ஆகவே விரல் அசையத் தொடங்கியதும் வேலையையும் தொடங்கிவிடலாம் என்ற கணக்கு இத்தொழிலுக்குப் பொருந்தாது. உணர்வு முழுமையாகத் திரும்பாத கையின் பிழையை வாழ்நாள் முழுதும் சுமப்பது இன்னொருவர் உடல்.

வண்டியிலிருந்து விழுபவர் உள்ளங்கையை ஊன்றி விழும்போது, மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளுள் பெரும்பாலும் முறிவது கட்டைவிரல் பக்கம் படகு வடிவில் அமைந்துள்ள ஸ்காபாய்டு எலும்பாகும். இந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்க முனை வழியாகவே பெரிதும் நுழைவதால், முறிவுக்குப் பின் மறுமுனை இரத்தமின்றி நலிந்துபோகும் வாய்ப்பு உண்டு. முதல் எக்ஸ்-ரேயில் இம்முறிவு தெரியாமல் போவதும் உண்டு என்பதால், கட்டைவிரலின் அடியில் உள்ள பள்ளத்தை அழுத்தினால் வலிக்கும் நிலையில், 10 முதல் 14 நாள்களில் மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பது மருத்துவ வழக்கமாக இருக்கிறது. மாவுக்கட்டு 8 முதல் 12 வாரம் வரை நீடிப்பதும், சிலருக்கு அதற்கு மேலும் தொடர்வதும் இதனால்தான். வீட்டுப் பெரியவர்கள் அன்பினால் நாட்டுக்கட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்பக்கூடும். இறுக்கிக் கட்டிய தப்பைக்குள் கை வீங்கினால் தசைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் கேடு நேரலாம் என்பதைத் தம்பி அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தக் கட்டானாலும் விரல்கள் மரத்தாலோ, வெளிறினாலோ, தாங்காத வலி கண்டாலோ இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உள்ள மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும்.

இடக்கையால் குத்திப் பார்க்கும் ஆசையும் எழக்கூடும். பச்சை குத்துதல் இருகைத் தொழில். ஒரு கை ஊசியைச் செலுத்தும்போது மறு கை தோலை இழுத்துப் பிடித்தால்தான் கோடு நேராக விழும். கட்டுக்குள் இருக்கும் கை இழுத்துப் பிடிக்கும் பணிக்கும் உதவாது. தாளில் வரைவதற்கோ இத்தடை இல்லை. இடக்கையும் பழகும் என்பதற்குச் சான்று உண்டு. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜே. சி. ஷெய்த்தான் தெனே சிறுவயதில் வலக்கையை இழந்தவர். 2016-இல் பச்சை குத்தும் கருவி பொருத்திய செயற்கைக் கையால் உலகச் செய்திகளில் இடம்பெற்றார். செய்திகள் அந்த இயந்திரக் கையையே வியந்தன. ஆனால் அது நுண்கோடுகளுக்கு அன்றி நிழலிடுதல் போன்ற வேலைகளுக்கே ஏற்றதாக இருந்தது என்பதும், அது வருவதற்கு முன்பே அவர் இடக்கையால் இக்கலையைக் கற்றுத் தொழிலாகச் செய்துவந்தவர் என்பதும் அதைவிடப் பெரிய செய்திகள்.

இந்த ஓய்வு மாதங்களில் வரைய வேண்டியவை இணையத்தில் கிடைக்கும் சிறகுகளும் மண்டை ஓடுகளும் அல்ல. தேவதானத்திலும் சேத்தூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் மூதாட்டியரின் முன்கைகளில் புள்ளிக்கோலமும் தேளும் பெயரெழுத்தும் இன்னும் இருக்கின்றன. குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராக நடந்து சென்று குத்திய அந்த உருவங்கள் பெரும்பாலும் குத்தியவர் நினைவிலும் குத்திக்கொண்டவர் தோலிலும் தங்கின. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய குறிப்புகளில் அக்காலத்து மையின் செய்முறை காணப்படுகிறது. மஞ்சள்தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் அகலில் எரியவிட்டு, மேலே புதுச்சட்டி கவிழ்த்து, அதன் உட்புறம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தனர். சேர்த்துக் கட்டிய சில ஊசிகளே கருவி. மின்கருவிக்கு நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி காப்புரிமை பெற்றது 1891-இல்தான். எடிசனின் மின்பேனாவே அதற்கு முன்மாதிரி.

அந்த மையையும் ஊசியையும் இன்று மீட்க வேண்டியதில்லை. கிருமிநீக்கம் செய்த, ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியே இன்றைய ஒழுக்கம். மீட்க வேண்டியது வரைவே. பாட்டிமாரின் கையைப் பார்க்கச் செல்லும்போது அம்மாவையோ அக்காவையோ உடன் அழைத்துச் சென்று, அனுமதி கேட்டு, முகத்தைப் படமெடுக்காமல், உருவத்தை மட்டும் இடக்கையால் மெதுவாக வரைந்து, அதற்கு அவர்கள் வழங்கும் பெயரையும் ஊரையும் குத்திக்கொண்ட வயதையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இடக்கைக் கோடு நடுங்கினால் நடுங்கட்டும். ஊசிப்புள்ளிகளால் ஆன அந்தப் பழைய கோடுகளும் ஒரே சீராக இருந்தவை அல்ல.

கடை வாடகையும் கருவிக்கான மாதத் தவணையும் அழுத்தும் என்பது உண்மையே. அதற்காக வைகாசித் திருவிழாக் கூட்டத்தில் அரைகுறைக் கையோடு கடை போடுவதைவிட, வீட்டு உரிமையாளரிடம் தவணை கேட்பதும், வரைந்த உருவங்களை வேறு கலைஞர்களுக்கு மாதிரியாக விற்பதும் மேலானவை.

கட்டுப் பிரித்தபின் இயன்முறை மருத்துவர், அதாவது பயிற்சிகளால் மூட்டையும் தசையையும் மீட்பவர், சொல்லும் கால அளவைக் குறைக்கலாகாது. முதலில் பயிற்சிக்கான செயற்கைத் தோலில் நீண்ட கோடுகளைக் குத்திப் பார்க்க வேண்டும். கருவியின் கைப்பிடியைத் தடிமனாக்கினால் விரல்கள் இறுக்கும் விசை குறையும். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 பச்சைக் கலைஞர்களை வேலையின்போது அளந்து பார்த்ததில், கழுத்து, மேல்முதுகுத் தசைகளின் உழைப்பு பாதுகாப்பான எல்லையைக் கடந்திருந்தது. எனவே மணிக்கட்டோடு நாற்காலியின் உயரமும் வாடிக்கையாளர் கை வைக்கும் பலகையின் உயரமும் கவனத்துக்குரியவை. தொடர்ந்து ஒரு மணி நேரம் குத்தியும் மறுநாள் காலை வீக்கமும் மரப்பும் இல்லாதிருந்தால், மருத்துவரின் ஒப்புதலுடன் சிறிய புள்ளிக்கோலம் ஒன்றைக் கேட்டுவரும் வாடிக்கையாளரிடமிருந்து தம்பி தொழிலை மீண்டும் தொடங்கலாம்.