உருவ ஓவியத்துக்கு எந்த மாதிரிப் படம்?

கணினியிலோ ஐபேடிலோ மனித உருவத்தைத் தீட்டுபவர் அருகில் வைத்துப் பார்க்கும் ஒளிப்படம், அதாவது ஓவியர் வழக்கில் ரெஃபரன்ஸ் எனப்படும் மாதிரிப் படம், இரு வேறு வேலைகளைச் செய்கிறது. உடலின் நிலை, அளவு, துணியின் மடிப்பு ஆகியவற்றைப் பற்றிய தகவலைத் தருவது ஒன்று; ஒளி எங்கிருந்து வந்து எங்கே மறைகிறது என்னும் ஒழுங்கைத் தருவது மற்றொன்று. முன்னதைப் பத்துப் படங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்கலாம். பின்னதை ஒரே படத்திலிருந்து பெறுவதே பாதுகாப்பானது, ஏனெனில் இடப்புற ஒளியில் எடுத்த முகத்தை வலப்புற ஒளியில் எடுத்த உடலோடு ஒட்டினால், எத்தனை திறமையாகத் தீட்டினாலும் தலை கழன்று நிற்பதுபோலவே தோன்றும்.

சன்னலோரம் அமர்ந்து படிக்கும், சேலையணிந்த பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டால், தெரிந்தவர் ஒருவரை அமரவைத்து ஓவியரே எடுக்கும் படத்துக்கு ஈடானது வேறில்லை. ஆனால் அதை எடுப்பதிலும் பிழைக்கு இடமுண்டு. கைப்பேசியை அருகில் பிடித்து எடுத்தால், முன்னே இருக்கும் முழங்கால் பெருத்து, பின்னே இருக்கும் தலை சிறுத்துவிடும். இது லென்ஸின் குற்றமன்று, தூரத்தின் விளைவு. ஆகவே மூன்று மீட்டருக்குக் குறையாமல் விலகி நின்று, தொலைவை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அதைக்கொண்டு எடுப்பதே முறை. பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களைத் தானாகக் கலக்கும் எச்.டி.ஆர். வசதி நிழலை வெளுக்கவைத்து உருவத்தைத் தட்டையாக்குவதால், அதை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுவது நல்லது. வடக்கு நோக்கிய சன்னலே ஓவியத்துக்கு உகந்தது என்னும் ஐரோப்பிய விதியையும் இங்கே அப்படியே ஏற்க இயலாது. ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை சென்னையில் நடுப்பகல் சூரியன் வடபுறமே சாய்ந்திருப்பதால், அந்தச் சன்னலிலும் நேர்வெயில் விழும்.

இணையத்தில் கிடைக்கும் படங்கள் எண்ணிக்கையில் மிகுந்தவை, எனினும் உரிமைச் சிக்கல் கொண்டவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒளிப்படத்துக்கான பாதுகாப்பு அதை எடுத்தவரின் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பொதுவுடைமைக்கு வந்த தன் கலைப்பொருட்களின் படங்களை 2017இல் தடையின்றிப் பயன்படுத்த விட்டிருப்பதால், அத்தகைய தொகுப்புகளை நாடுவதே கவலையற்ற வழி. மாநிறத் தோலின் மீது சன்னலொளி விழும் விதத்தைக் கற்க, 2021இல் மறைந்த ஓவியர் இளையராஜாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களைக் காட்டிலும் நல்ல பாடம் அரிது. அவை பயில்வதற்கே உரியன, படியெடுப்பதற்கல்ல.

கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் போன்ற மென்பொருளில் உள்ள முப்பரிமாணப் பொம்மை, எந்தக் கோணத்துக்கும் திரும்பும் என்பதால் உடல்நிலையைத் தீர்மானிக்க உதவும். ஆனால் அதற்கு எடை கிடையாது. நாற்காலியில் அமர்ந்தாலும் தொடை அழுந்துவதில்லை.

மாதிரியைத் திரைக்குக் கொண்டுசெல்வதிலும் தேர்வு உண்டு. லேயர் எனப்படும் அடுக்கின் கீழே படத்தை வைத்துக் கோடிழுப்பதை டிரேசிங் என்பர். அது இழிவு என்று வாதிடுவோர் வரலாற்றை மறந்தவர்கள். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் 1930களிலிருந்து ஒளிப்படங்களை ஒளிவீழ்த்திக் கருவியால் பெரிதாக்கி அவற்றின் மேல் வரைந்தார். ஆயினும் 1916இலேயே புகழ்பெற்ற வார இதழுக்கு அட்டைப்படம் தீட்டத் தொடங்கிய அவர், அதுவரை நேரடி மாதிரிகளை அமரவைத்து வரைந்து பழகியவர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். எலும்பும் தசையும் எங்கே திரும்புகின்றன என்று அறிந்தவர் இழுக்கும் கோடு உடலைச் சொல்லும். அறியாதவர் இழுக்கும் கோடு வெறும் விளிம்பாகவே நிற்கும். ஆதலால் கற்கும் நிலையில் இருப்பவர் படத்தைப் பக்கத்தில் வைத்துக் கண்ணளவால் வரைந்து, முடிந்தபின் மேலே பொருத்திப் பார்த்துப் பிழையைக் கண்டறிவதே பயன்தரும்.

வண்ணத்துக்கும் இதே முறை பொருந்தும். தொட்ட புள்ளியின் நிறத்தை எடுத்துத் தரும் ஐட்ராப்பர், கேமரா பதிந்த நிறத்தைத் தருமேயன்றிக் கண் கண்டதைத் தராது. ஒரு நிறம் அண்டை நிறத்தைப் பொறுத்தே வேறாகத் தெரியும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இலேயே விளக்கிவிட்டார். சன்னலுக்கு அருகில் உள்ள கன்னத்தின் மினுக்கத்தில் வானத்தின் நீலமும், தாடைக்குக் கீழுள்ள நிழலில் சேலையின் சிவப்பும் கலந்திருக்கும். அவற்றை முதலில் கண்ணால் மதிப்பிட்டுத் தீட்டிய பிறகே ஐட்ராப்பரால் சரிபார்க்க வேண்டும். கிருதா என்னும் கட்டணமில்லாத மென்பொருளிலும் இக்கருவியும் அடுக்கு வசதியும் இருப்பதால், தொடங்குபவர் இதற்கென மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.