ஐஸ்கிரீம் உருகியதால் பிறந்ததா அவுட்போர்டு?

கேள்வி: புதிதாக ஃபைபர் படகு வாங்கியிருக்கிறேன். செல்ஃப் ஸ்டார்ட் அவுட்போர்டு மோட்டார். கார் பேட்டரியே போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா? அவுட்போர்டையும் பேட்டரியையும் முதலில் சேர்த்து வைத்தது யார்?
— ஒரு வாசகர், பழவேற்காடு

பதில்: இரண்டாவது கேள்விதான் ருசியானது. கடைக்காரர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அவுட்போர்டு பிறந்த கதை என்று அமெரிக்காவில் ஒன்று சொல்வார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு ஏரி. ஓலே எவின்ரூட் என்ற இளைஞர் காதலி பெஸ்ஸுடன் பிக்னிக் போனார். பெஸ் ஐஸ்கிரீம் கேட்டார். ஓலே அக்கரைக்குத் துடுப்புப் போட்டு, வாங்கிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினால் கையில் இருந்தது பாயசம். அந்த ஆத்திரத்தில்தான் 1909இல் பெட்ரோல் அவுட்போர்டு பிறந்ததாம்.

ஐஸ்கிரீம் உருகியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதல் அவுட்போர்டு அது என்பது சுத்தப் புருடா. டெட்ராய்ட்டில் கேமரன் வாட்டர்மேன் என்பவர் அதற்கு முன்பே பெட்ரோல் அவுட்போர்டு விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கும் கால் நூற்றாண்டு முன்னால், 1881இல், பாரிஸின் சேன் நதியில் கஸ்தாவ் த்ரூவே ஒரு படகை ஓட்டிக் காட்டினார். கழற்றி மாட்டும் மோட்டார், எடை சுமார் 5 கிலோ, சுக்கானின் தலையில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து ஒரு சங்கிலி இறங்கி, சுக்கானுக்குள்ளேயே இருந்த விசிறியைச் சுற்றியது. பெட்ரோல் ஒரு சொட்டுக் கிடையாது, முழுக்க பேட்டரி! ஓலே அப்போது நாலு வயதுப் பிள்ளை. ஆக, அவுட்போர்டுக்குப் பேட்டரியை யாரும் பிற்பாடு கொண்டுவந்து சேர்க்கவில்லை. பெட்ரோல்தான் நடுவில் வந்த விருந்தாளி.

படகின் பெயர் என்ன தெரியுமா? ‘டெலிபோன்’. பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கி அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. எது நவீனமோ அதை வண்டி மேல் எழுதும் பழக்கம் நம் ஷேர் ஆட்டோவோடு தொடங்கியதில்லை.

த்ரூவேயின் பேட்டரி ரீசார்ஜ் செய்கிற ஜாதி இல்லை. பைகுரோமேட் கரைசலில் துத்தநாகத் தகடும் கரித்தகடும் முங்கியிருக்கும்; ஓட ஓடத் துத்தநாகம் கரையும். சும்மா நின்றாலும் கரையும் என்பதால், மோட்டாரை நிறுத்தியதும் ஒரு கைப்பிடியைச் சுற்றி, கிணற்று வாளியைப் போலத் தகடுகளை மேலே தூக்கிவிட வேண்டும். அவருடைய ‘ஆஃப் சுவிட்ச்’ அதுதான். இதே மனிதர் பிரபுக்களின் டைக்கு மண்டையோட்டு ஊசியும் செய்து விற்றார். சட்டைப் பையில் குட்டி பேட்டரி. அழுத்தினால் மண்டையோடு கண்ணை உருட்டிப் பல்லைக் கடிக்கும். பிற்காலத்தில் கல்லறைக்குக் குத்தகை கட்ட ஆளில்லாமல் அவர் எலும்புகள் பொதுக்குழிக்குப் போயின.

எவின்ரூட்டை உலகம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் எளிது. விளம்பரங்களை எழுதியவர் ஐஸ்கிரீம் கேட்ட அதே பெஸ்! கம்பெனிக் கணக்கையும் கடிதங்களையும் அவர்தான் பார்த்தார். இந்தப் பகுதியில் நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்: எதையும் கண்டுபிடித்தவர் பெயர் நிற்காது, விளம்பரம் எழுதியவர் வீட்டுப் பெயர்தான் நிற்கும்.

சரி, கடைக்காரரைக் கூப்பிடுங்கள். மோட்டாரைக் கிளப்ப மட்டும் என்றால் கார் பேட்டரி கிளப்பிவிடும். அதில் மெல்லிய தகடுகள் நிறைய. ஒரு கணத்தில் பெரிய கரண்டைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் அலையில் குதித்துக் குதித்து அந்தத் தகடுகள் உதிரும். ஆகவே, அதிர்ச்சி தாங்கும் மரைன் பேட்டரி கேளுங்கள். விளக்கு, ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி எல்லாம் இரவு முழுக்க ஓட வேண்டும் என்றால் தடித்த தகடுள்ள டீப் சைக்கிள் பேட்டரி தனியாக இருக்கட்டும். ஒன்றிலேயே எல்லாம் என்றால், விடியற்காலையில் மீன் எங்கே என்று தெரியும், கரைக்குத்தான் வர முடியாது.

பேட்டரி மேல் சிசிஏ என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரி குளிரில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல், 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் தரும் என்ற கணக்கு அது. பழவேற்காட்டில் அந்தக் குளிர் ஐஸ் பிளான்ட்டுக்குள்தான் கிடைக்கும். எம்சிஏ என்ற இன்னொரு எண் பூஜ்யம் டிகிரியில் எடுப்பது. அதனால் அதே பேட்டரிக்கு அது பெரிதாகத் தெரியும். மோட்டார் கையேடு எதைக் கேட்கிறதோ அதை மட்டும் பாருங்கள். நமக்கு எதிரி வெயில். பேட்டரியின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. சில மணி நேரம் ஓய்வில் வைத்து மீட்டரில் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்காதீர்கள். டெர்மினலில் கையால் திருகும் விங் நட் இருந்தால் முதல் வேலையாகக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் போட்டு இறுக்கும் நட்டாக மாற்றுங்கள். விங் நட் அதிர்வில் தளர்வது கண்ணுக்குத் தெரியாது; நடுக்கடலில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு தெரியவரும்.

கேள்வி: பேட்டரியை சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று என் மாமனார் பலகை போட்டு வைக்கிறார். உண்மையா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மாமனாரின் தாத்தா காலத்தில் உண்மை. அப்போது பேட்டரிக்கு மரப்பெட்டி, ரப்பர் பெட்டி. ஈரமும் கசிந்த அமிலமும் சேர்ந்தால் கரண்ட் வழிந்தோட வாய்ப்பு இருந்தது. இப்போது வருவது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். அதன் வழியாகத் தரைக்கு எதுவும் போகாது. பேட்டரி எங்கே வைத்தாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சூட்டில் இன்னும் வேகமாக. சில்லென்ற சிமெண்ட் தரை அதற்கு சொர்க்கம். இதை மாமனாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விஷயம். பலகையால் கெடுதல் ஒன்றுமில்லை.

கேள்வி: எனக்குப் படகு கிடையாது. ஷாக் அடிக்கும் மீனை வைத்து செல்போன் சார்ஜ் செய்ய முடியுமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: முடியாது. அமேசானில் 860 வோல்ட் வரை அடிக்கும் விலாங்கு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அடியும் ஓரிரு மில்லி விநாடிதான். போன் ‘சார்ஜிங்’ என்று எழுதி முடிப்பதற்குள் மீன் களைத்துவிடும். எனக்கு இதில் வேறு ஆதங்கம். இத்தாலியர் வோல்டா உலகின் முதல் பேட்டரியை அடுக்கியபோது, ஷாக் அடிக்கும் திருக்கையும் விலாங்கும்தான் அவருக்கு முன்மாதிரி. தன் கருவியை ‘செயற்கை மின்னுறுப்பு’ என்றே 1800இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பெருமை மீனுக்குப் போயிற்றா? 2019இல் அந்த 860 வோல்ட் விலாங்குக்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள்: எலெக்ட்ரோஃபோரஸ் வோல்டாய்.