பணி நிறைவுக்குப் பின் ஒரு பணி



பணி நிறைவு விழாவன்று மாலை அணிவிக்கின்றனர், பொன்னாடை போர்த்துகின்றனர், வீடு வரை உடன் வந்து விட்டுச் செல்கின்றனர். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கே செல்வது என்பதை மட்டும் எவரும் சொல்லித் தருவதில்லை. தமிழக அரசுப் பணியில் ஓய்வு பெறும் வயது நெடுங்காலம் 58 ஆக இருந்தது. 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பெற்றது. அறுபதில் ஓய்வு பெறுபவர் எண்பது வரை வாழ்ந்தால் இடையில் உள்ளவை இருபது ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து கல்லூரிப் படிப்பை முடிக்கப் போதுமான காலம் அது. அக்காலத்தை எவ்வாறு பயன்கொள்வது என்பதே இப்பாடத்தின் பொருள்.

முன்னோர் காட்டிய வழி

டாக்டர் உ.வே. சாமிநாதையரை நம் குடும்பங்கள் நன்கறியும். சீவக சிந்தாமணியை அவர் ஆராய்ந்தபோது, கும்பகோணத்துச் சைனப் பெரியோர்கள் அவருடைய ஐயங்களைத் தீர்த்து உதவினர். 1887இல் அந்நூல் வெளிவந்தது. 1919இல் சென்னை மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். அத்துடன் அவர் ஏட்டுச்சுவடிகளைக் கட்டி வைத்துவிடவில்லை. பெருங்கதை வெளிவந்தது 1924இல். குறுந்தொகை வெளிவந்தது 1937இல். அப்போது அவருக்கு வயது 82. தம் வரலாற்றை 1940 முதல் வார இதழில் எழுதத் தொடங்கி, 1942இல் மறையும் காலம் வரை எழுதினார்.

நம்மவரான பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1880இல் பிறந்தவர். அரசுக் கல்லூரிகளில் தத்துவம் கற்பித்தவர். தமிழிலுள்ள சைன இலக்கியங்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1941இல் வெளிவந்தது. சமயசாரத்தின் ஆங்கிலப் பதிப்பு 1950இலும், திருக்குறளுக்கு எழுதிய ஆங்கில மொழிபெயர்ப்பும் உரையும் 1953இலும் வெளிவந்தன. அவற்றுள் கடைசி நூல் வெளிவந்தபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார்.

நாமெல்லாம் அத்தகைய பேரறிஞர் அல்லோம். எனினும் ஐயரவர்களின் முதுமைக்கால உழைப்பில் நாம் கற்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவர் தனியே உழைக்கவில்லை. கி.வா. ஜகந்நாதன் முதலிய மாணாக்கர்கள் உடனிருந்து உதவினர். உதவும்போதே பதிப்புக் கலையையும் கற்றுக்கொண்டனர். ஆசிரியர் எழுதி முடிக்காது விட்ட வரலாற்றைப் பின்னர்க் கி.வா.ஜ. எழுதினார். இதன் அருமையை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன்.

நான் கற்ற பாடம்

ஓய்வு பெற்ற ஆண்டில் எங்கள் தெருத் திண்ணையில் மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். முதல் மாதம் பதினொரு குழந்தைகள் வந்தனர். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த ஒரு பெண், தானும் உதவுவதாக முன்வந்தாள். மகிழ்ந்தேன். ஆனால் அவளுக்குரிய பாடக்குறிப்பை நானே எழுதினேன். கரும்பலகையில் அவள் எழுதியதைக் குழந்தைகள் முன்னிலையிலேயே திருத்தினேன். கூட்டல் கணக்கைக் கூட என்னைக் கேட்ட பின்னரே நடத்த வேண்டும் என்றேன். மூன்றாம் மாதம் அவள் வருவதை நிறுத்தினாள்.

அதே சமயத்தில் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. நான் வீட்டில் அடங்கியிருந்த நாட்களில் வகுப்பும் இல்லை. மீண்டு வந்தபோது நான்கு குழந்தைகளே எஞ்சியிருந்தனர். மனம் பொறாமல் அப்பெண்ணின் வீட்டுக்குச் சென்றேன். அவள் மரியாதையுடன் பாய் விரித்து அமரச் செய்து, மெல்லக் கூறினாள்: "அம்மா, நீங்கள் இருக்கிற வகுப்பில் எனக்கு வேலையே இல்லையே."

முப்பத்தைந்து ஆண்டுகள் பிறரைத் திருத்திய எனக்கு அச்சொல் ஒரு திருத்தமாயிற்று. அன்றிரவு உறங்கவில்லை. நான் படுத்தவுடன் வகுப்பும் படுத்துவிட்டதென்றால், அது குழந்தைகளுக்காக நடந்ததா, என் மாலைப்பொழுது கழிவதற்காக நடந்ததா? விடையை நான் அறிவேன். ஒப்புக்கொள்ளத்தான் சில நாட்கள் ஆயின.

பயிற்சிப் பள்ளியில் நாங்கள் கடைசி வரிசையில் அமர்ந்து, பிறர் நடத்தும் பாடத்தைக் கவனித்துக் குறிப்பெழுதுவோம். வகுப்பு நடக்கும்போது வாய் திறத்தல் கூடாது. அப்பழக்கத்தையே மீண்டும் மேற்கொண்டேன். கணக்குப் பாடத்தை முழுவதும் அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் அமர்ந்தேன். வாய் மூடியிருப்பது எளிதாக இல்லை. இன்று அவளுக்கு வேறு ஊரில் வேலை. அவள் பழக்கிய இருவர் வகுப்பை நடத்துகின்றனர். நான் வெள்ளிக்கிழமை மட்டும் சென்று கதை சொல்லி வருகிறேன்.

எவற்றைச் செய்யலாம்?

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்று நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர். பொருள் குறைந்தவரும் இவற்றை உழைப்பால் வழங்கலாம்.

1. எழுத்தறிவித்தல்: 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதோர்க்குத் தன்னார்வலர் வழியே கற்பிக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இல் தொடங்கப்பெற்றது. அருகிலுள்ள பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டறியலாம்.

2. நூல் காத்தல்: தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தன்னார்வலரால் தொடங்கப்பெற்றது. சிந்தாமணியும் நாலடியாரும் அதில் உள்ளன. தட்டச்சும் பிழைதிருத்தமும் முழங்கால் வலி உடையவர்க்கும் இயலும். வீட்டுப் பரணிலுள்ள சுவடிகளுக்கும் பழைய நூல்களுக்கும் ஒரு பட்டியல் எழுதுவதும் நற்பணியே.

3. துணை நிற்றல்: தனித்து வாழும் முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், ஓய்வூதியப் படிவம் நிரப்பித் தருதல் போன்றவை.

பேரக்குழந்தைகளைப் பேணும் பாட்டிமார் தாம் ஒன்றும் செய்யவில்லை என எண்ண வேண்டா. அதுவும் பணியே, வீட்டார் அதைப் பணியென்று உணர்ந்து, அவர்க்கும் வாரத்தில் ஒருநாள் விடுப்பு அளித்தல் வேண்டும்.

நினைவில் கொள்ளத்தக்கவை

ஐந்து பணிகளை ஏற்று நான்கைக் கைவிடுவதினும் ஒன்றை ஏற்று நிலைநிறுத்துவது நன்று. நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பிறர்க்குத் தேவையானது எது என்று கேட்ட பின்னரே தொடங்குதல் வேண்டும். பழைய பதவியை வாயிலிலேயே விட்டுச் செல்லுதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, தொடங்கும் நாளிலேயே நமக்குப்பின் செய்வார் ஒருவரைத் தேடுதல் வேண்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நான் செய்யும் பணி யாருடைய தேவையால் நடக்கிறது?
2. நான் ஒரு மாதம் படுத்துவிட்டால் அதை யார் நடத்துவார்?
3. அவர்க்கு இன்று நான் விட்டுக்கொடுக்கக் கூடிய பகுதி எது?

குடும்பத்தோடு அமர்ந்து விடை காண்க. இரண்டாம் வினாவுக்கு ஒரு பெயரேனும் கிடைக்குமாயின் பணி நல்வழியில் செல்கிறது எனக் கொள்ளலாம்.

அறம் வளர்க!