அவசர ஊர்தி வந்து சேருமுன்

கடன், தவணை, வட்டி ஆகியவற்றோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதாக அங்கத்தினர்களில் அநேகர் எண்ணுகின்றனர். அயலானுக்குப் பிராண ஆபத்து நேர்ந்தபோது ஒருவருக்கொருவர் உதவுவதும் கூட்டுறவேயாம். ஆதலின் இப்பாடத்தில் 108 என்னும் அவசர ஊர்திச் சேவையைக் குறித்து ஆராய்வோம்.

இச்சேவை 2005-ஆம் வருஷம் ஹைதராபாத்தில் ஆரம்பிக்கப்பட்டுப் பல மாநிலங்களுக்கும் பரவிற்று. தமிழ்நாட்டில் 2008-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கிற்று. செலவு சர்க்காருடையது, நடத்தும் பொறுப்பு ஒரு தனி ஸ்தாபனத்தினுடையது. நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. முற்காலத்தில் ஆம்புலன்ஸ் என்பது ஆளை ஏற்றிச் செல்லும் வண்டி மாத்திரமே. இப்பொழுதோ அதில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் வருகிறார்; பிராணவாயுவும் கட்டுத்துணிகளும் முதலுதவி மருந்துகளும் உடன் வருகின்றன; ஐயம் நேரின் நிலையத்திலுள்ள டாக்டரை டெலிபோனில் கேட்டு நடக்கிறார்.

ஆயினும் ஊர்தி வந்து சேரும் வரையுள்ள நிமிஷங்கள் ஊராருடையவை. சிதறாலை எடுத்துக்கொள்வோம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பாகத்து வழக்கப்படி இங்கு வீடுகள் தெருவாக அமையாமல், ரப்பரும் தென்னையும் நிறைந்த விளைகளுக்குள் தனித்தனியே நிற்கின்றன. வெகு தூரத்து நிலையத்திலிருந்து பேசுபவருக்கு இன்ன விளை என்று சொன்னால் என்ன விளங்கும்? ஒரே பெயருள்ள விளைகள் பல ஊர்களிலும் உண்டு. ஆகவே மார்த்தாண்டத்தை முதலிற் சொல்லி, பின் சிதறால், பின் அருகிலுள்ள பள்ளிக்கூடம், கோயில் அல்லது நியாயவிலைக் கடை என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ஆபத்து யாது, எத்தனை பேர், மூச்சும் நினைவும் உண்டா என்பதையும் தெரிவித்து, அவர்கள் வைக்கும் வரை நாம் டெலிபோனை வைக்கலாகாது. பிறகு அதே கைப்பேசியில் உறவினரோடு பேசிக்கொண்டிருந்தால் ஓட்டுநர் வழி கேட்க முடியாமற் போகும். இது சிறு விஷயமன்று.

பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவனைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது எங்கும் காணப்படும் வழக்கம். அன்பினாற் செய்வதே, ஆனால் முதுகெலும்பு முறிந்திருந்தால், அந்த மடக்குதலால் தண்டுவடம் நசுங்கி, எழுந்து நடந்திருக்கக்கூடியவன் ஆயுள் முழுவதும் படுக்கையிற் கிடப்பான். அவ்விடத்தில் வேறு ஆபத்து இல்லையேல் அவனை விழுந்தபடியே கிடக்கவிட்டு, தலையையும் கழுத்தையும் அசையாமல் இரு கைகளாலும் பிடித்திருக்க வேண்டும். காயத்திலிருந்து இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து விடாது அழுத்தவேண்டும். சோடாவோ கட்டன்சாயாவோ கொடுக்கலாகாது. அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவனைப் பாம்பு கடித்தால், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கே தரும். கடித்த அவயவத்தை அசைக்காமல், நடக்கவும் விடாமல், விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே முறை.

சமணர் குகையுள்ள மலையோ வேறு விதமான சங்கடம். ஊர்தி அடிவாரத்தில் நின்றுவிடும். மேலே கற்பாதையில் நடந்தே ஏறவேண்டும். அங்கே ஒருவர் மூச்சற்று விழுந்தால், இறக்கிக் கொண்டுவரும் வரை காத்திருக்க இயலாது. நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஒருவர் களைத்தால் மற்றொருவர் தொடரவேண்டும். ஏட்டிற் படித்து இது வராது, கையாற் பழகவேண்டும்.

போலீஸ் விசாரணைக்கு அஞ்சி விலகுவோர் இன்னும் உளர். அந்த அச்சத்துக்கு இப்பொழுது இடமில்லை. 2016-ஆம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும், 2019-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் விபத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்பளிக்கின்றன. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. சாலை விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழக சர்க்கார் ஏற்கும் திட்டமும் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இரண்டு விஷயங்களை ஆலோசிக்கலாம். பால் சங்கத்திலோ கடன் சங்கத்திலோ தினந்தோறும் கூடுகிறவர்களில் நால்வரை நெஞ்சழுத்தப் பயிற்சிக்கு அனுப்புவது ஒன்று. இரவில் ஊர்தி இடவழிக்குள் நுழைய முடியாத விளைகளைக் குறித்துவைத்து, சாலை முகப்பில் டார்ச்சுடன் நின்று வழிகாட்ட ஒவ்வொன்றுக்கும் இருவரை நியமிப்பது மற்றொன்று. இரண்டாவதற்குச் செலவில்லை; உபவிதியில் திருத்தமும் வேண்டியதில்லை.